வாட்ஸ்அப்பா, சிக்னலா? தோட்டக் குரூப்பை மாற்றிய கதை

கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி வரும் பெண்களுக்கு, குமுளியில் ஓர் ஏலத்தோட்டத்தில் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். புது ஆள் வந்தால் ஆதாரையும் பாஸ்புக்கையும் படமெடுத்துக் குரூப்பில் போடுவது வழக்கம். போன மாதம் அந்தக் குரூப்பை வாட்ஸ்அப்பிலிருந்து, அதைப் போலவே செய்தி அனுப்பும் சிக்னல் என்ற செயலிக்கு மாற்றினேன்.

டெலிகிராமை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அதன் குரூப்புகளுக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பாதுகாப்பு, கிடையாது. மற்ற இரண்டிலும் செய்தி போகிற வழியில் யாரும் படிக்க முடியாது. வாட்ஸ்அப் பயன்படுத்துவதே சிக்னலின் என்கிரிப்ஷன் (பூட்டும்) முறைதான்.

என்னை மாற்றவைத்தது பேக்கப், அதாவது செய்திகளின் சேமிப்பு நகல். வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகும்போது அந்தப் பூட்டு தானாகக் கூட வராது; 2021-இல் வந்த வசதியை அவரவர் செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டும். நான் செய்திருந்தேன். சரி, குரூப்பில் மீதி 13 பேர்? ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தேன், இரண்டு பேர்தான் செய்திருந்தார்கள். ஒருவர் விட்டாலே போதும், எல்லாப் பெண்களின் ஆதாரும் அவர் பேக்கப்பில் அந்தப் பூட்டில்லாமல் கிடக்கும். போதாததற்குப் பலருடைய கேலரியிலும் அந்தப் படங்கள் தானாகச் சேர்ந்திருந்தன. சிக்னல் பேக்கப்பைப் பூட்டித்தான் எடுக்கும். அதன் கேமராவிலேயே எடுத்து அனுப்பினால் படம் கேலரிக்கும் போகாது.

இதில் கஷ்டமும் உண்டு. பேக்கப்பைத் திறக்கும் சாவி, அதாவது நீளமான ரகசியக் குறியீடு, தொலைந்தால் பழையது போனதுதான். ஜீப் ஓட்டும் தம்பி ஒருவருக்கு அப்படி ஆகி, ஒரு வார ஆள்வரவை நோட்டைப் பார்த்து மறுபடி எழுதினோம். இப்போது எல்லோர் சாவியும் தாளில் எழுதி பீரோவில் இருக்கிறது. ஐபோனில் நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

சட்டப் பக்கமும் யோசித்தேன். 2021-இல் வந்த ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) விதிகளின்படி, உத்தரவு வந்தால் பெரிய மெசேஜிங் நிறுவனங்கள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும். அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதை நினைத்தால், போலீஸ் கேட்பதன் நியாயம் புரிகிறது. ஆனால் அந்த ஒருவரைப் பிடிக்க எல்லோர் செய்திக்கும் தடம் வைக்க வேண்டியிருக்குமே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. 2016-இல் அமெரிக்காவில் ஒரு வழக்குக்காகப் பயனர் விவரம் கேட்டபோது சிக்னலால் தர முடிந்தது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே.

வேலைக்கு வரும் அக்காமார் இந்த சிக்னல் குரூப்பில் இல்லை; அவர்களிடம் இருப்பது வாட்ஸ்அப்தான். ஜீப் நேரம், சம்பள நாள் எல்லாம் இன்னும் அதில்தான் சொல்கிறேன். ஆதார் மட்டும் அங்கே போடுவதில்லை.