மழுங்கிய டிரில் பிட்களுக்கு நான் வாங்கிய ஜிக்

மாடிப்படிக்குக் கைப்பிடி செய்துகொண்டிருந்தேன். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஆங்கிளில், அதாவது ‘எல்’ வடிவ இரும்புப் பட்டையில், நாலாவது ஓட்டை போடும்போதே 8 மி.மீ. பிட் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சுருள் வரவில்லை, பொடியும் புகையும்தான் வந்தன. டப்பாவைக் கொட்டிப் பார்த்தால் மழுங்கிய பிட்கள் பதினேழு. எல்லாம் நல்ல ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்), தூக்கி எறிய மனசு வரவில்லை. கூர்தீட்டிப் பார்க்க முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது, கை டிரில்லிலேயே மாட்டி ஓட்டும் பிளாஸ்டிக் பெட்டி. அளவுக்கேற்ற துளையில் பிட்டைச் செருகித் திருப்பினால் போதும் என்றார்கள். வெளியே எடுத்தால் முனை பளபளத்தது, ஆனால் இரும்பில் வைத்தால் வழுக்கியது. காரணம் பிறகுதான் புரிந்தது. வெட்டும் விளிம்பு கூராக இருந்தால் மட்டும் போதாது. விளிம்புக்குப் பின்னால் இருக்கும் பகுதி 8 முதல் 12 டிகிரி வரை சரிந்து இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தப் பின்பகுதிதான் இரும்பில் உரசும், விளிம்பு இறங்கி வெட்டாது. அந்தப் பெட்டி இந்தச் சரிவைச் சரியாகத் தரவில்லை. இரண்டு விளிம்புகளும் ஒரே நீளத்தில் அமையாததால் ஓட்டையும் பெரிதாகி, போல்ட் ஆடியது.

அமெரிக்காவில் பலர் வைத்திருக்கும் டிரில் டாக்டர் போன்ற, பிட் கூர்தீட்டும் தனி மெஷினையும் யோசித்தேன். அங்கே விற்கும் மாடல் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துவராது. என் வேலைக்கு அவ்வளவு செலவும் தேவையில்லை.

கடைசியில் வாங்கியது, பெஞ்ச் கிரைண்டர் பக்கத்தில் போல்ட் போட்டு நிறுத்தும் ஜிக், அதாவது பிட்டைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்ளும் தாங்கி. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டில் 6 அங்குல கிரைண்டர் ஏற்கெனவே இருந்தது. ‘வி’ வடிவப் பள்ளத்தில் பிட்டைக் கிடத்தி, கோணத்தை 59-ல் வைக்கிறோம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 118 டிகிரி, சாதாரண பிட்டின் முனைக்கோணம். விளிம்பை ஜிக்கின் முனையிலுள்ள நாக்கு போன்ற சின்னத் தகட்டோடு ஒட்டவைத்து இறுக்கி, கையை மெதுவாக ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் பின்பக்கச் சரிவு தானாக விழுகிறது. பின்னால் பிட்டைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரின் இடத்தை மாற்றாமல் பிட்டை அரைச் சுற்று திருப்பி மறுபக்கம் பிடித்தால் இரண்டு விளிம்பும் சமம். முதல் நாலு பிட்டைக் கெடுத்துத்தான் கை பழகியது. முனை எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜிக்கோடு வந்த விளக்கத் தாள் அதற்கு உதவவே இல்லை. இன்னொன்று, பிட் கிரைண்டர் கல்லின் பக்கவாட்டில் உரசுகிறது. அழுத்தவே கூடாது, தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள்.

கோணம் பார்க்க கேஜ் (அளவுகருவி) வாங்க வேண்டியதில்லை. அறுகோண நட் இரண்டைப் பக்கம் ஒட்டி வைத்தால் நடுவில் 120 டிகிரி பள்ளம் கிடைக்கும். 118-க்கு அது போதுமான நெருக்கம், அதில் முனை உட்கார்ந்தால் சரி.

3 மி.மீ.க்குக் கீழே இந்த ஜிக்கில் பிடிக்க முடியாது, அதற்குப் புது பிட்டே வாங்குங்கள். சுவர் துளைக்கும் பிட்டின் கார்பைடு முனையைச் சாம்பல் நிறக் கல்லில் தேய்க்காதீர்கள், அதற்குப் பச்சைக் கல் வேண்டும். அப்புறம், சூடான ஹெச்.எஸ்.எஸ். பிட்டைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் நுண்ணிய விரிசல் விழும். இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள்.

பதினேழில் பதின்மூன்று பிழைத்தன. அந்த 8 மி.மீ. பிட்டை மறுபடி ஆங்கிளில் வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் நீளநீளமாகச் சுருள் வந்தது. மிச்சமிருந்த இருபத்திரண்டு ஓட்டைகளையும் அதே பிட்டில் முடித்தேன்.