கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் மைக்கோரைசா விற்க வருகிறார்கள், ஜாக்கிரதை

தாளவாடிப் பக்கம் கோஸ், பீட்ரூட் போடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மைக்கோரைசா, அதாவது நாம் வேம் என்று சொல்கிற வேர்ப்பூஞ்சைக் குருணையைத் தோட்டம் தோட்டமாக வந்து விற்கிறார்கள். "அண்ணா, ஏக்கருக்கு ஒரு பை போடுங்க, டிஏபி உரத்தைப் பாதியாக் குறைச்சுக்கலாம். எந்தப் பயிரானாலும் பிடிக்கும்" என்றுதான் எனக்கும் விற்றார்கள். பையிலும் 'அனைத்துப் பயிர்களுக்கும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. 4 கிலோ பை 650 ரூபாய்.

பாதி டிஏபியோடு நட்ட கோஸ் தேங்காய் அளவுகூட வரவில்லை. வியாபாரி எடை போடாமலே கழித்துவிட்டுப் போனார்.

வேம் என்பதே மோசடி என்று சொல்ல வரவில்லை. வெங்காயம், மக்காச்சோளம், மிளகாய், மஞ்சள், வாழை, பயறு வகைகள் என்றால் அந்தப் பூஞ்சை வேருக்குள் புகுந்து, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ், டிஏபி முக்கியமாகத் தருவதும் இதைத்தான்) இழுத்துக் கொடுக்கும். பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். ஆனால் கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் இந்தக் கூட்டுக்கு வராத குடும்பம். பீட்ரூட், பாலக்கீரையும் அப்படித்தான். எத்தனை பை கொட்டினாலும் பலன் கிடையாது. வேளாண்மை படித்தவர்களுக்கு இது புதிய சேதி இல்லை, விற்றவர் பி.எஸ்சி. அக்ரியாம்!

போய்க் கேட்டால், "உங்க மண்ணுல மணிச்சத்து அதிகமா இருந்திருக்கும்ணா, அதான் பிடிக்கல" என்றார். மணிச்சத்து மிகுந்த மண்ணில் வேம் சரியாகப் பிடிக்காது என்பது வாஸ்தவம். சரி, மணிச்சத்து அவ்வளவு இருந்தால் என் கோஸ் ஏன் சுருங்கியது? அதற்குப் பதில் இல்லை.

பிரிக்காத பை ஒன்றை அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். காலாவதித் தேதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு தேதி, அது எப்போதோ முடிந்திருந்தது. இந்தப் பூஞ்சை உயிருள்ள வேரில்தான் பெருகும். அதனால் மக்காச்சோளம் மாதிரி எதையாவது வளர்த்து, வேரும் மண்ணுமாக எடுத்துத்தான் தயாரிக்கிறார்கள். நாள்பட்டாலோ சூடு பட்டாலோ வீரியம் போய்விடும். அவர்கள் அடுக்கி வைத்திருந்ததோ தகரக் கொட்டகையில். வெங்காயத்துக்குப் போட்டிருந்தாலும் அந்தப் பை உருப்பட்டிருக்காது.

வெங்காயம், மிளகாய்க்கு வாங்குகிறவர்கள் தொகுதி எண், காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்துகள் என்ற விவரம் இல்லாத பையைத் தொடாதீர்கள். பில் கட்டாயம் கேளுங்கள். எனக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனபோது முதலில் கேட்டதே பில்லைத்தான். பிரிக்காத பையைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் இப்போது பக்கத்து ஊரில் காலிஃபிளவருக்கு இதே பையைச் சிபாரிசு செய்கிறாராம்.