டர்பனில் மின்தூண்டலுடன் பேச்சுப் பயிற்சி: மூன்று வார அனுபவம்

பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்த என் தந்தையாரை, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள ஒரு தனியார் மறுவாழ்வு நிலையத்துக்கு, அந்நகரின் புறப்பகுதியான சாட்ஸ்வொர்த்திலிருந்து மூன்று வாரம், மொத்தம் 15 அமர்வுகளுக்கு அழைத்துச் சென்றேன். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளில் ஒன்றை இடப்பக்கத் தலையிலும் மற்றதை வலப்பக்க நெற்றியிலும் பட்டையால் கட்டி, 1 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டத்தை 20 நிமிடம் செலுத்துகிறார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது என்று அப்பா விரல்களால் காட்டினார். வேறு தொல்லை இல்லை. வலிப்பு நோயோ தலைக்குள் உலோகமோ இருப்பவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு சிறிய மின்னோட்டம் நரம்பணுக்களைத் தானாக இயக்கிவிடுவதில்லை, அவை இயங்குவதற்கான ஆயத்தத்தை மட்டுமே சற்றுக் கூட்டுகிறது என்பதால், அதே நேரத்தில் படம் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சியும் நடந்தாக வேண்டும். நிலையத்தின் துண்டறிக்கையோ கருவியைத்தான் முன்னிறுத்துகிறது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாட்பட்ட பேச்சிழப்புள்ள 74 பேருக்கு இதே முறையில் 15 அமர்வுகள் நடத்தப்பட்டன. மின்னோட்டம் பெற்றவர்கள் சற்றுக் கூடுதலாகவே முன்னேறினர். ஆனால் பெரிய ஆய்வு ஒன்றை நடத்துவது தகுமா என்று பார்ப்பதற்காகவே அது திட்டமிடப்பட்டிருந்தது. அதைத் துண்டறிக்கையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

என் பெரிய குறை படஅட்டைகளைப் பற்றியது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த அப்பா, இரண்டாம் நாள் தண்ணீர்க் குவளைப் படத்தைப் பார்த்து, நெடுநேரம் தடுமாறியபின், "தண்ணி" என்றார். எதிர்பார்த்தது ஆங்கிலச் சொல் என்பதால் அது தவறெனக் குறிக்கப்பட்டது. நான் எடுத்துச் சொன்னதும் பயிற்சியாளர் வருந்தி, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் என்னிடம் எழுதி வாங்கி, மறுநாளே இரு மொழியிலும் கேட்கத் தொடங்கினார். கோவில் பாட்டைப் பிசகாமல் பாடும் அப்பாவுக்கு நாற்காலி என்ற சொல் வராதது ஏன் என்று அவர் பொறுமையாக விளக்கியதும் எனக்குப் பெரும் ஆறுதல்.

இப்போது அப்பா பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அதில் மின்னோட்டத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மின்தூண்டலுக்கு எங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) பணம் தர மறுத்துவிட்டது. பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் தருகிறது. ஆகவே பஞ்சும் பட்டையும் இல்லாமல், அதே பயிற்சியாளரிடம் வாரம் இருமுறை போய் வருகிறோம்.