900ஆ 1800ஆ? சிக்னல் கோட்டைப் பாத்து ஏமாறாதேங்கோ

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு வேலணையில அம்மம்மான்ர வீட்டில நிக்கேக்க போனில நாலு கோடும் நிறைஞ்சு கிடக்கு, ஆனா கனடாவில இருக்கிற மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தா அவற்ற முகம் அப்பிடியே உறைஞ்சு போகுது. அதே சிம், யாழ்ப்பாணம் ரவுணுக்க ரெண்டே ரெண்டு கோடுதான், வீடியோ தடங்கலே இல்லாமல் ஓடுது. பாண்ட், அதாவது போன் எந்த அலைவரிசையில ரவரோட கதைக்குது எண்டு காட்டுற ஆப் ஒண்டு போட்டுப் பாத்தன். வேலணையில பாண்ட் 8, அதுதான் 900 மெகாஹேட்ஸ். ரவுணில பாண்ட் 3, அதாவது 1800.

தூரம் எண்டு பாத்தா 900ஐ அடிக்க ஏலாது. அதின்ர அலைநீளம் 33 சென்ரிமீற்றர், 1800க்கு அதில பாதி. வெட்டவெளியில ஒரே பவர், ஒரே கெய்ன் (அலையைக் குவிக்கிற பலம்) உள்ள அன்ரனா எண்டு வைச்சாலே, அதே தூரத்தில 1800 நாலில ஒரு பங்காத்தான் வந்து சேரும். எங்கட பழைய சுண்ணாம்புக்கல் வீட்டுச் சுவர் எண்டா இன்னும் மோசம், அதுக்குள்ளால 900தான் கொஞ்சமாவது நுழையும். இன்னொண்டு, ரவர் பத்துக்கணக்கான வாட்ஸ்ஸில கத்தும், 4ஜி போன் திருப்பிக் கதைக்கிறது கூடிப்போனா 0.2 வாட்ஸ்ஸிலதான், அதால தூர இடத்தில எங்களுக்கு ரவர் கேட்டாலும் ரவருக்கு எங்கட போன் கேக்காது. (இதாலதான் கதிர்வீச்சுக்குப் பயந்து ரவர் கிட்ட வேண்டாம் எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களைப் பாக்கக் கவலையா இருக்கு. ரவர் தூரப் போகப் போக காதோட ஒட்டி வைச்சிருக்கிற போன்தான் கூடப் பவர் போடும்.)

அப்ப 900 தானே நல்லம் எண்டு கேப்பியள். அந்த அலைவரிசையில இடம் காணாது, அதுதான் பிரச்சினை. பழைய ஜிஎஸ்எம் (2ஜி) கணக்கில 900இல ஒரு பக்கத்துக்கு (போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம்) 25 மெகாஹேட்ஸ்தான், 1800இல 75, அதையும் எல்லாக் கொம்பனியும் பங்கு போடவேணும். அதோட தூரம் போற அலை கன வீட்டையும் சேத்து இழுக்கும், பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு ஊர்ச்சனம் முழுக்க அந்தச் சின்ன ஒழுங்கைக்குள்ள நிண்டா என்னெண்டு வீடியோ ஓடும்? நல்லூர்த் தேருக்குக் கோயில் வீதியில நிண்டு பாத்தவைக்கு இது விளங்கும், கோடெல்லாம் நிறைஞ்சிருக்கும், ஒரு படம் போகாது. அங்க தேவை தூரம் போற அலை இல்லை, கிட்டக் கிட்ட நிறைய 1800, 2600 மெகாஹேட்ஸ் ரவர்.

கோல் மட்டும் கதைக்கிற ஆச்சிக்கு 900 காணும். வீட்டு றவுட்டருக்கு எண்டா நான் 1800தான் சொல்லுவன், ஆனா அதின்ர அன்ரனாவை வீட்டுக்குள்ள வைக்காதேங்கோ. நாங்கள் ஓட்டுக்கு மேல பைப் ஒண்டு நட்டு அன்ரனாவை ரவர்ப் பக்கம் திருப்பி, றவுட்டரை பாண்ட் 3இல பூட்டினம். இப்ப கோடு ரெண்டுதான், மாமா உறையிறேல்ல. கேபிளை மட்டும் கட்டையா எடுங்கோ, நீளக் கேபிளுக்க 1800 தான் கூடக் கரையும்.