பல்கனியில் ஏடல்வைஸ்: ஆறு வருடம் வளர்த்துப் பார்த்ததில்

ஆகஸ்ட் முதலாம் திகதி சுவிஸ் தேசிய தினம். அதற்கு முந்தைய வாரங்களில் இங்கே பேர்னில் பூக்கடைகளில் சின்னச் சாடிகளில் ஏடல்வைஸ் என்கிற அல்ப்ஸ் மலைப் பூச்செடி வந்து இறங்கும். 2019இல் அப்படி ஒன்றை வாங்கி வந்து அடுத்த மார்ச்சுக்குள் சாகவிட்டேன். அதற்குப் பிறகு விதை போட்டு வளர்த்த செடிகளின் வழி வந்தவைதான் இப்போது பல்கனியில் நிற்கின்றன. இங்குள்ள நம் ஆட்கள் பலர் இதை வாங்கி ஒரு வருடத்தில் தொலைத்துவிட்டு, "இது மலையில்தான் வரும், வீட்டில் வராது" என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை, நன்றாகவே வரும்.

முதல் செடிக்கு நான் செய்தது ஊரில் பூக்கன்றுக்குச் செய்வதைத்தான். பெரிய சாடிக்கு மாற்றி, நல்ல கறுப்பு மண் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவப் பசளை, தினமும் பின்னேரம் தண்ணீர். செடியும் மளமளவென்று வளர்ந்தது. மலையில் ஒரு சாண் உயரத்துக்குள் நிற்கிற செடி என் சாடியில் முழங்கால் உயரம் வந்து சரிந்து விழுந்தது. இலையில் இருக்கவேண்டிய வெள்ளைப் பஞ்சும் குறைந்து, வெறும் பச்சையாகப் போய்விட்டது. அப்புறம் குளிர்காலம். பல்கனி ஓரத்தில், அடியில் தட்டோடு, மழை படுகிற இடத்தில் விட்டிருந்தேன். மார்ச்சில் கையால் தொட்டதும் தண்டு கழன்று வந்தது. வேர் மண்ணிறமாக அழுகி நாறியது.

குளிர் கொன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு வயதான அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, குளிர் இதை ஒன்றும் செய்யாது, ஈரம்தான் கொன்றிருக்கிறது என்றார். மலையில் குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும், அந்தப் பனிக்கு அடியில் செடி உறங்கும். பேர்னிலோ பனி வரும், உருகும், மழை பெய்யும், மறுபடி உறையும். அந்த ஈரத்தில்தான் வேர் அழுகுகிறது. "அதைக் கொஞ்சம் பட்டினி போடுங்கள்" என்று கடைசியாக ஒன்று சொன்னார். இந்த ஆறு வருடத்தில் எனக்கு மிகவும் உதவிய வார்த்தை அதுதான்.

2021 பெப்ரவரியில் விதை போட்டேன். விதை தூசு மாதிரி இருக்கும், மூச்சு விட்டால் பறந்துவிடும். மண்ணால் மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, லேசாக அழுத்தி, நாலு வாரம் பல்கனியில் பனியிலேயே விட்டேன். குளிர் பட்ட விதை நன்றாக முளைக்கும். ஏப்ரலில் ஊசிமுனை அளவில் பச்சை தெரிந்தது. கலவை: ஒரு பங்கு சாதாரண மண், ஒரு பங்கு கரடுமுரடான மணல், ஒரு பங்கு உடைத்த சுண்ணாம்புக்கல். அல்ப்ஸில் இது பெரும்பாலும் 1800 மீற்றருக்கு மேலே சுண்ணாம்புப் பாறைகளில்தான் வளர்கிறது, அதனால் சுண்ணாம்பு பிடிக்கும். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர், அதையே விடுகிறேன், குறை ஒன்றும் இல்லை. மண்சாடி, அடியில் தட்டு இல்லை, செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குச் சரளைக்கல். அந்தக் கல் முக்கியம், மழை பெய்தாலும் கழுத்து காய்ந்தே இருக்கும். பசளை அறவே இல்லை.

நவம்பரில் சாடிகளைச் சுவரோரமாக, மேல்தளத்தின் நிழலில் மழை படாத இடத்துக்கு நகர்த்திவிடுவேன், அவ்வளவுதான். இலை எல்லாம் காய்ந்து செத்தது மாதிரி தெரியும், பயந்து பிடுங்கிவிடாதீர்கள். ஏப்ரலில் நடுவிலிருந்து சாம்பல் நிறத் தளிர் வரும்.

2022 ஜூனில் முதல் பூ. அப்போது அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார், தொட்டுப் பார்த்து, "இதென்ன பிள்ளை, பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு" என்றார். உண்மையில் நாம் வெள்ளை இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, மயிர் படர்ந்த இலைகள். நடுவில் மஞ்சள் பொத்தான் மாதிரி நாலைந்து இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றும் பல குட்டிப் பூக்களின் கொத்து. சூரியகாந்திக் குடும்பம் என்று சொன்னால் முதலில் நம்பமாட்டீர்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புரியும். அந்த மயிர்கள் பின்னிப் பின்னிக் கம்பளி மாதிரிக் கிடக்கும், காலைப் பனித்துளி உள்ளே இறங்காமல் மேலேயே முத்து முத்தாக நிற்கும். அந்த மயிரின் நுண்ணிய அமைப்பு புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது என்று பெல்ஜிய இயற்பியலாளர்கள் 2005இல் காட்டியிருக்கிறார்கள். உயரத்து வெயிலுக்கு அது செடியின் குடை. தேனீயை எதிர்பார்த்திருந்தேன், வந்தது பெரும்பாலும் ஈக்கள்தான்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ளவேண்டும், மலையில் உள்ள வெண்மை வீட்டில் வராது. இன்டர்லாக்கனுக்கு மேலே ஷீனிகெ பிளாட்டெயில், 1967 மீற்றர் உயரத்தில், அல்ப்ஸ் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. வில்டர்ஸ்வில்லில் இருந்து பற்சக்கர ரயிலில் போகலாம். அங்கே பார்த்த ஏடல்வைஸ் குட்டையாக, தடிப்பாக, பால் வெள்ளையாக இருந்தது. பேர்ன் வெறும் 540 மீற்றர். என்னுடையது கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளைதான். எனக்கு அது போதும்.

2022 கோடையில் தெற்குப் பக்கச் சாடி ஒன்று வெயிலில் வாடிப்போனது. தலைக்கு வெயில் வேண்டும், ஆனால் வேர் கொதிக்கக்கூடாது. கிழக்குப் பக்கம் மாற்றியபின் தேறியது. இளந்தண்டில் சில வருடம் அசுவினிப் பூச்சி வரும், விரலால் தேய்த்துத் தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும்.

நீண்டகாலக் குறை என்றால் ஆயுள்தான். மூன்று, நாலு வருடத்தில் செடியின் நடுப்பகுதி செத்து, ஓரத்தில் மட்டும் தளிர் வரும். வசந்த காலத்தில் எடுத்து, வேரோடு இரண்டு மூன்றாகப் பிரித்து, புதுக் கலவையில் நடவேண்டும். 2024 ஏப்ரலில் அப்படிப் பிரித்ததில் ஐந்து சாடி வந்தது. ஒன்று பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போனது.

யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி விதை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குளிர்கால உறக்கம் இல்லாமல் இது நிலைக்காது, அதனால் விதை அனுப்பவில்லை. நன்றாக விரிந்த பூக்களைத் தலைகீழாகக் கட்டி நிழலில் காயவைத்தேன். காய்ந்தாலும் உருவம் அப்படியே நிற்கும். அதில் மூன்றை அட்டையில் ஒட்டி அனுப்பினேன், அவள் வீட்டுச் சாமியறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.