செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளம்: படிவமா, தொலைபேசியா, வாட்ஸ்அப்பா, கூடையா?

காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. அங்கே மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் விற்கும் சிறு கடை ஒன்று தனக்கென்று ஓர் இணையதளம் வைத்திருப்பதாகக் கொள்வோம். அந்தத் தளத்தைத் திறப்பவர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்தபடி, கைபேசித் திரையில், இன்னும் இரண்டு கடைகளின் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். விலை என்ன, அளவு லிட்டரா கிலோவா, தம் ஊருக்கு அனுப்புவார்களா, கூரியர் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் வந்து சேரும் என்பவையே அவர் கேட்க வந்தவை. அவர் கடையை அணுகுவதற்கு விசாரணைப் படிவம், தொலைபேசி, வாட்ஸ்அப், பணம் செலுத்தும் வசதியுள்ள கூடை என்று நான்கு வழிகள் உள்ளன. இவற்றுள் எதை வைப்பது என்பதைத் தளம் கட்டித் தருபவரின் வசதியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. வாடிக்கையாளரின் கேள்வியும், கடையில் பதில் சொல்ல ஆள் இருக்கும் நேரமும் அல்லவா அதைத் தீர்மானிக்க வேண்டும்?

விசாரணைப் படிவம் தளம் கட்டப் பயன்படும் ஏறக்குறைய எல்லா ஆயத்த வார்ப்புருக்களிலும் (டெம்ப்ளேட்) இருக்கிறது. அதனாலேயே பல தளங்களில் அது இருக்கிறது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், பொருள், செய்தி என ஐந்து கட்டங்களைக் கைபேசியில் நிரப்பி அனுப்பியவருக்கு ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல் தவிர வேறு எதுவும் கிடைப்பதில்லை. கடைக்காரர் நாள்தோறும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்கு, அதிலும் சில வேளைகளில் குப்பை அஞ்சல் பகுதிக்கு, அந்த விசாரணை போய்ச் சேர்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் வாங்க வந்தவருக்குப் படிவம் பொருந்தவே பொருந்தாது. ஆனால் மாதந்தோறும் பல டின்கள் எடுக்கும் உணவகமோ, இயற்கை அங்காடியோ, சமையல் ஒப்பந்தக்காரரோ எழுத்தில் விலைப்புள்ளி கேட்பார்கள். தங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து ரசீது கேட்பார்கள். படிவத்தை அவர்களுக்கென்று ‘மொத்தக் கொள்முதல்’ என்ற தனிப் பக்கத்தில் வைத்தால் அது தன் வேலையைச் செய்யும்.

தொலைபேசியின் பலம் வெளிப்படையானது. முதியவர்களும், எண்ணெயின் தரத்தைப் பேசித் தெளிந்த பிறகே வாங்குபவர்களும் அழைப்பையே விரும்புகிறார்கள். ஆயினும் முகப்பில் உள்ள விளம்பரப் படத்துக்குள்ளேயே தொலைபேசி எண்ணை அச்சிட்டு வைக்கும் பழக்கம் இந்தப் பலத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. படத்துக்குள் உள்ள எண்ணை நகலெடுக்கவும் முடியாது, தொட்டு அழைக்கவும் முடியாது. எண்ணை எழுத்தாகவே இட்டு, தொட்டால் அழைப்புத் திரை திறக்கும் இணைப்பாக்கி, அருகிலேயே ‘காலை 9 முதல் இரவு 7 வரை, ஞாயிறு விடுமுறை’ என்பதுபோல நேரத்தையும் குறிப்பிட வேண்டும். இரவு பத்து மணிக்குத் தளத்தைப் பார்ப்பவருக்குத் தொலைபேசியால் பயனில்லை என்பது மட்டும் மாறப்போவதில்லை.

அந்த இரவு நேர வாடிக்கையாளரைத்தான் வாட்ஸ்அப் பிடித்து வைக்கிறது. கேள்வியை அனுப்பிவிட்டு அவர் உறங்கப் போகலாம். கடை திறந்ததும் பதில் போகும். இருவர் கையிலும் உரையாடல் பதிவாக இருக்கும். 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வரவேற்புச் செய்தி, கடை மூடியிருக்கும் நேரத்துக்கான தானியங்கிப் பதில், அடிக்கடி சொல்ல வேண்டியவற்றுக்கான விரைவுப் பதில்கள், பொருட்பட்டியல் எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இணைப்பை அமைக்கும்போது நாட்டுக் குறியீடான 91-ஐ முன்னால் சேர்த்து, கூட்டல் குறியோ இடைவெளியோ பூஜ்ஜியமோ இன்றி எண்ணை எழுத வேண்டும். இதில் தவறினால் பொத்தான் இருக்கும், உரையாடல் திறக்காது. அதைவிட முக்கியமானது, இணைப்போடு சேர்த்தே அனுப்பக்கூடிய முன்வரைவுச் செய்தி. வெறும் பொத்தானைத் தொட்டு வருபவர் ‘ஹாய்’ என்று அனுப்புவார், கடைக்காரர் ‘சொல்லுங்க’ என்பார், ‘ரேட்?’ என்று வரும், ‘எந்த எண்ணெய்ங்க?’ என்று போகும். கடலை எண்ணெய்ப் படத்தின் கீழுள்ள பொத்தானில் ‘கடலை எண்ணெய், 5 லிட்டர் டின், எண்ணிக்கை: , பின்கோடு: ’ என்ற வரைவு தயாராக இருந்தால், வாடிக்கையாளர் இரண்டு கட்டங்களை நிரப்பி அனுப்புவார், முதல் பதிலிலேயே மொத்தத் தொகையைச் சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப்பின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. மேசைக் கணினியில் பார்ப்பவர் வாட்ஸ்அப்பைத் தனியாக இணைத்திருக்காவிட்டால் அந்தப் பொத்தான் அவருக்குத் தொல்லையே. விலையைப் பக்கத்தில் போடாமல் ‘விலைக்கு வாட்ஸ்அப் செய்யவும்’ என்று எழுதும் கடைகள் இந்த வழியின் நன்மை முழுவதையும் தாமே கெடுத்துக்கொள்கின்றன. பக்கத்து டேப்பில் விலை தெரியும்போது, தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து விலை கேட்கப் பலர் முன்வர மாட்டார்கள்.

கூடைக்கு வருவோம். வாடிக்கையாளர் எவரிடமும் பேசாமல் எந்நேரத்திலும் வாங்கி முடிக்கலாம் என்பது மற்ற மூன்று வழிகளிலும் கிடைக்காத வசதி. அதற்கு ஈடாகக் கடை ஏற்கும் பொறுப்பு பெரிது. யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகர் தள்ளுபடிக் கட்டணம், அதாவது பணம் பெறும் கடையிடம் பிடிக்கும் கட்டணம், 2020 ஜனவரி முதல் இல்லை என்றாலும், அட்டை முதலிய வழிகளுக்கு, இணையத்தில் பணம் பெற்றுத் தரும் கட்டண நுழைவாயில் (பேமென்ட் கேட்வே) நிறுவனங்கள் 2 சதவீதத்தை ஒட்டிய தொகையும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுத்துக்கொள்வது வழக்கம். பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமைக் கொள்கை போன்ற பக்கங்கள் இல்லாமல் அவை கணக்கைத் திறந்து தருவதும் அரிது. நிலக்கடலை விலை ஏறும்போது எண்ணெய் விலையும் ஏறும். அன்றே கூடையில் மாற்றாவிட்டால் பழைய விலைக்கு வந்த ஆர்டரை நட்டத்தில் அனுப்ப வேண்டும், அல்லது வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்ப வேண்டும்.

கூடையில் ஆள் கைநழுவும் இடங்கள் இரண்டு. கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்ற கட்டாயம் முதலாவது. இதை விருந்தினராக வாங்கும் வழியைத் திறந்து எளிதில் நீக்கலாம். கூரியர் கட்டணம் கடைசித் திரையில் திடீரென்று தோன்றுவது இரண்டாவது, சற்றுச் சிக்கலானது. 5 லிட்டர் எண்ணெயே நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல். டின்னும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் 5 கிலோவைத் தாண்டும். கட்டணம் அடுத்த படிக்குப் போய்விடும். தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளிமாநிலத்துக்கு இவ்வளவு என்று விலைக்குக் கீழேயே எழுதிவிட்டால் அந்த அதிர்ச்சி இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பொருள் பக்கம் தெளிவாக இல்லாவிட்டால் பயனில்லை. எண்ணெய் வணிகத்தில் இதற்கு நல்ல சான்று லிட்டர், கிலோக் குழப்பம். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஆகவே கிலோ 330 ரூபாய் என்று போடும் கடையும் லிட்டர் 300 ரூபாய் என்று போடும் கடையும் ஒரே விலைக்குத்தான் விற்கின்றன. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு முதல் கடை முப்பது ரூபாய் அதிகம். ‘1 லிட்டர் (910 கிராம்)’ என்று இரண்டையும் எழுதும் கடை ஒரு கேள்வியைக் குறைக்கிறது, ஒரு சந்தேகத்தையும் போக்குகிறது. ஆட்டிய தேதி, பயன்படுத்தும் காலம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் ஆகியவையும் அங்கேயே இருக்கட்டும். முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் நான்கு பெரிய படங்களுக்குப் பதிலாகச் சுருக்கப்பட்ட ஒரே படம் போதும்; முதன்மை உள்ளடக்கம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்கள் அதற்கு இடம் தருவதில்லை.

இணையதளமே வேண்டாம், கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் வணிகச் சுயவிவரம் (பிசினஸ் புரொஃபைல்) போதும் என்ற வாதமும் உண்டு. உள்ளூர் வாடிக்கையாளருக்கு வரைபடமும் கடை நேரமும் காட்ட அது மிக நன்று. ஆனால் அந்தச் சுயவிவரத்திலிருந்து இலவசமாக உருவாக்கிய தளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் புதிய முகவரி தேட நேர்ந்தது. சொந்த முகவரியில் ஒரு பக்கமாவது இருப்பது நல்லது.

மூன்று முதல் பத்துப் பொருட்கள் வரை விற்கும் கடை விலைப்பட்டியலோடு, ஒவ்வொரு பொருளின் கீழும் முன்வரைவுள்ள வாட்ஸ்அப் பொத்தானும், திரையின் அடியில் எப்போதும் தெரியும் தொலைபேசி எண்ணும் வைத்துத் தொடங்குவதே என் தேர்வு. விசாரணைகள் குறைந்து, விலை தெரிந்தே வரும் நேரடி ஆர்டர்கள் பெருகி, அவற்றுக்கு முகவரி வாங்குவதிலும் பணம் வந்ததா என்று பார்ப்பதிலுமே ஒருவருடைய அரைநாள் போகத் தொடங்கும்போது கூடையைச் சேர்க்கலாம். அப்போதும் வாட்ஸ்அப் பொத்தானை எடுத்துவிட வேண்டியதில்லை, டின் கசிந்து வந்தது என்று படம் அனுப்ப வாடிக்கையாளருக்கு அது வேண்டும்.