டீசல் யார் கணக்கில், மிச்சம் யார் கணக்கில்?

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு ஃபைபர் படகின் கணக்கு நோட்டைப் புரட்டினால், கழிவு வரிசையில் முதலில் கண்ணில் படுவது டீசல். அடுத்து ஐஸ், டீ, சாப்பாடு, ஏலக்காரர் கமிஷன். இதெல்லாம் போக நிற்கும் தொகைதான் பங்குக்கு வரும். படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு என்று ஓனருக்குச் சில பங்கு. கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். ‘செலவு போகப் பங்கு’ என்கிற முறை மாறாது.

மீன்பிடித் தொழிலைச் சுத்தமான எரிசக்திக்கு மாற்றுவது பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இந்த நோட்டை யாரும் திறப்பதில்லை. கேஸா, பேட்டரியா, சோலாரா என்று இன்ஜினைச் சுற்றியே பேச்சு போகும். நானும் இங்கே அவற்றைத்தான் ஒப்பிடுகிறேன். ஆனால் ஒவ்வொன்றையும் அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, புதுச் செலவு யார் தலையில் விழுகிறது, மிச்சம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கிறேன்.

மண்ணெண்ணெயா, கேஸா?

கன்னியாகுமரி வள்ளங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு இன்ஜின்கள் அதிகம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். விடியற்காலையில் பத்துப் பதினைந்து வள்ளம் ஒன்றாகக் கிளம்பும்போது கரையோரத் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். எரியாமலே வெளியேறிய எண்ணெய் அது. பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் குடிக்கும் எண்ணெயில் ஒரு பங்கு இப்படிக் கடலுக்கே போகிறது.

2023 ஆகஸ்டில் அறிவித்தபடி தமிழ்நாட்டில் ஒரு படகுக்கு ஆண்டுக்கு 3,700 லிட்டர் மானிய மண்ணெண்ணெய். கேரளத்தில் ஒதுக்கீடு சுருங்கச் சுருங்க, மத்ஸ்யஃபெட் கூட்டுறவு வழியாக எல்பிஜி இன்ஜினைச் சோதித்துப் பார்த்தார்கள். இருக்கிற இன்ஜினைக் கேஸுக்கு மாற்றும் கிட் ஒன்றை மாட்டினால் போதும், புது இன்ஜின் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 25 லிட்டர் மண்ணெண்ணெயின் வெப்பம் அடங்கியிருக்கிறது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை, புகை குறைவு, இன்ஜினில் கரி படிவதும் குறைவு.

கரியமில வாயுக் கணக்கைப் பார்த்தால் உற்சாகம் வடிந்துவிடும். அதே வெப்பத்துக்கு எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. அதோடு எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிப் பள்ளத்தில் தேங்கும். அங்கேதான் பேட்டரி வயர் ஓடும், அங்கேதான் யாராவது பீடியும் பற்ற வைப்பார்கள். கிட் மாட்டிய மெக்கானிக் யார், கசிவை மறுபடி யார் சோதிப்பது, கடற்கரைக் குப்பத்துக்குச் சிலிண்டரை யார் கொண்டுவருவது என்கிற மூன்று கேள்விக்கும் எண்ணெய் நிறுவனமும் கூட்டுறவுச் சங்கமும் உள்ளூர் மெக்கானிக்கும் சேர்ந்துதான் பதில் சொல்ல முடியும். வணிக சிலிண்டர் விலை வேறு மாதா மாதம் ஒன்றாம் தேதி மாறுகிறது. மானிய மண்ணெண்ணெய் கையில் இருக்கிறவரை எந்த வள்ளக்காரரும் இதற்கு முந்தியடிக்க மாட்டார்.

என்னைக் கேட்டால், கேஸ் என்பது மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு மருந்து. பருவநிலைக்கு மருந்து என்று விற்பது நியாயமில்லை.

டீசலா, பேட்டரியா?

நாகை, கடலூர்ப் பக்கம் கேஸ் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பின்னால் நீளத் தண்டோடு தொங்குவது டீசல் இன்ஜின். ஸ்பார்க் பிளக் இன்ஜினுக்கான கிட் அதில் உட்காராது. ஆக, போட்டி நேராக பேட்டரியோடு.

ஒரு நாளைக்கு 12 லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை பத்து கிலோ. கரண்ட் பில்லில் வரும் யூனிட் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் உண்டு. சின்ன இன்ஜின் அதில் கால்வாசியைத்தான் தண்ணீரைத் தள்ளும் காற்றாடிக்கு (ப்ரொப்பல்லர்) கொடுக்கும். ஆக, தண்ணீரைத் தள்ளியது 30 யூனிட். மின் மோட்டார் வீணடிப்பது குறைவுதான். ஆனாலும் காற்று திரும்பினால் கரை சேர ஒரு கையிருப்பு வேண்டும். 45 யூனிட் பேட்டரியாவது இல்லாமல் கடலுக்குப் போவது அறிவில்லை. அதன் எடை 350 கிலோவைத் தொடும். பத்து கிலோ இருந்த இடத்தில் கூலி கேட்காத, வலை இழுக்காத ஐந்து ஆட்கள் கூடுதலாக ஏறிக்கொண்ட மாதிரி.

படகின் மேலேயே சோலார் போடலாமே என்பார்கள். வலை குவிக்கிற இடம் போக நாலு சதுர மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். உப்பு படியாமல் துடைத்துக்கொண்டே இருந்தாலும் நாளுக்கு மூன்று நாலு யூனிட்தான் வரும். வயர்லெஸ், விளக்கு, ஜிபிஎஸ்ஸுக்குத் தாராளம். ஓட்டத்துக்குப் பத்தில் ஒன்று.

கரையில் சார்ஜ் போடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு விடுகிறது. 30 யூனிட் வேலைக்குப் பிளக்கிலிருந்து 36 யூனிட் இழுத்தால் 26 கிலோ. அதே வேலைக்கு 12 லிட்டர் டீசல் விட்டது 32 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், அவ்வளவே. நிலக்கரி குறையக் குறைய இது கூடும், டீசலுக்கு அந்த வழி கிடையாது என்பது பேட்டரி பக்கத்து வாதம். அது சரியான வாதம்தான்.

மேடைகளில் நார்வேயைக் காட்டுவார்கள். 2015ல் அங்கே கடலுக்கு வந்த ‘கரோலினே’ 11 மீட்டர் படகு. டிரான்ட்ஹெய்மில் கட்டியது, 195 யூனிட் பேட்டரி. அதுவும் மீன்பிடிக்கும் இடத்துக்குப் போகவர டீசலில்தான் ஓடுகிறது. வலை வேலை நடக்கும்போதுதான் பேட்டரிக்கு மாறுகிறது. சார்ஜ் ஏறுவது நீர்மின்சாரத்தில். நம்மைவிட நாலு மடங்கு பேட்டரி வைத்திருப்பவர்களே டீசலைக் கரையில் இறக்கிவிட்டுப் போகவில்லை. (1953ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வந்திறங்கி நம் படகுகளுக்கு இன்ஜின் மாட்டிவிட்டதும் இந்த நார்வேதான். அன்று இன்ஜின், இன்று பேட்டரி.)

அவர்களிடம் கடன் வாங்க வேண்டியது வேறொன்று. 2008ல் அங்கே தொழில் அமைப்புகள் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு புகைக்கு ஒரு பொது நிதி தொடங்கின. புகை வரியை அரசுக்குக் கட்டுவதற்குப் பதில் அந்த நிதிக்குக் கட்டலாம். புகையைக் குறைக்கிற மாற்றத்துக்கு அதிலிருந்தே உதவி கிடைக்கும். மீனவர் அமைப்புகளும் அதில் சேர்ந்தன. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வட்டத்துக்குள்.

இங்கே நிலைமை எப்படி? பழையபடி நோட்டைத் திறங்கள். பேட்டரி வந்தால் டீசல் செலவு காணாமல் போகும், அந்த இடத்தில் ஒரு சின்ன கரண்ட் பில் நிற்கும். பங்குக்கு வரும் தொகை கூடும். அதில் ஆட்களுக்கும் சரிபங்கு. ஆனால் பேட்டரிக்கு வாங்கிய கடன் ஓனர் தலையில் மட்டும். டீசல் எல்லாருடைய செலவு, பேட்டரி ஒருவருடைய செலவு. எந்த ஓனர் ஒப்புவார்? அந்தக் கடனையும் பெரும்பாலும் ஏலக்காரர்தான் கொடுப்பார். கொடுத்தால் மீன் அவர் கைக்குத்தான் வர வேண்டும், அவர் சொன்ன விலைக்கு.

இதற்கு ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. இன்ஜின் முதன்முதலாக வந்தபோதும் இதே சிக்கல்தான் வந்தது. அப்போதுதான் ‘இன்ஜின் பங்கு’ என்று தனியாக ஒதுக்கினார்கள். அதுபோல ‘பேட்டரி பங்கு’ ஒன்றை ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசி முடித்தால்தான் மானியத்துக்கே அர்த்தம் வரும். மீன்வளத் துறையின் திட்ட அறிக்கையில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

என் முடிவு இது. பழவேற்காடு ஏரி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் கழிமுகம் போல ஓட்டம் குறைவாக, அலை இல்லாமல், தினமும் அதே துறைக்குத் திரும்பும் இடங்களில் பேட்டரி இன்றைக்கே செல்லும். திறந்த கடலுக்கு இன்னும் இல்லை. அலை அடிக்கும் வெறும் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு சார்ஜ் பிளக்கை எங்கே நடுவது? நூறு படகு ராத்திரி ஆறு மணி நேரத்தில் சார்ஜ் ஆக வேண்டுமென்றால் 750 கிலோவாட் வேண்டும். குப்பத்தில் இருக்கிற டிரான்ஸ்பார்மர் ஃபேனுக்கே திணறுகிறது.

விசைப்படகு: புதுப் படகா, மெதுவான படகா?

விசைப்படகுகளுக்குப் பேட்டரிப் பேச்சே வேண்டாம். ஆண்டுக்கு 19,000 லிட்டர் விற்பனை வரி இல்லாத டீசல் ஒதுக்கப்படும் படகு அது. மிச்சமிருப்பது இரண்டு வழி: அரசு பணம் கொடுத்துப் படகையே மாற்றுவது, அல்லது இருக்கிற படகை மெதுவாக ஓட்டுவது.

முதல் வழியைப் பார்த்தாயிற்று. 2017ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. அதன் நோக்கம் எரிசக்தி அல்ல, எல்லைப் பிரச்சினை. ஆனாலும் படகை மாற்றும் எந்தத் திட்டத்துக்கும் அது பாடம். படகு ஒன்றுக்கு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. இதைவிடத் தாராளமாக யார் கொடுப்பார்கள்? 2,000 படகு இலக்கு. கடலில் இறங்கியது அதில் சொற்பம். எட்டு லட்சம் கையில், பதினாறு லட்சம் கடனில் போட்டு, தெரியாத கடலில், தெரியாத தூண்டில் தொழிலை, வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து செய்ய ஆட்கள் கிடைக்கவில்லை. பணத்தை நாலாகப் பிரித்தார்கள். பயத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வழிக்கு மானியம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். போகவர ஓடும் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் இன்ஜின் போடும் சக்தி கால்வாசிக்கு மேல் குறைகிறது. கூடுதல் நேரத்தைக் கழித்தாலும் அந்த ஓட்டத்தின் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு தேறும். வலை இழுக்கும் நேரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஓட்டத்துக்கு மட்டும். மிச்சமும் அன்றைக்கே நோட்டில் தெரியும், ஓனருக்கும் ஆளுக்கும் சேர்த்து.

அப்படியிருந்தும் ஏன் எல்லாரும் முழு வேகத்தில் திரும்புகிறார்கள்? முதலில் கரை தொடும் படகுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. பின்னால் வருகிறவன் மீனை அள்ளிக் கொட்டும்போது வியாபாரியின் லாரி பாதி நிறைந்திருக்கும். ஒருவர் மட்டும் மெதுவாக வந்தால் டீசலில் மிச்சம் பிடித்ததை ஏலத்தில் விடுவார். எல்லாரும் சேர்ந்து குறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் ராமேஸ்வரத்தைப் பார்க்கலாம். அங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று எழுபதுகளின் கடைசியில் பிரித்தார்கள். சண்டை, வெட்டுக்குத்து, வலை அறுப்பு எல்லாம் நடந்த பிறகு வந்த ஏற்பாடு. இன்றைக்கும் எந்தக் கிழமை யாருடையது என்று கடற்கரையில் சின்னப் பையனும் சொல்வான். நாளைப் பங்கு போட முடிந்தவர்களுக்கு ஏல வரிசையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்ய முடியாதா? சங்கமும் ஏலக்காரர்களும் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். ஏலக்காரர்கள் வருவார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அவசரத்தில் வரும் மீன் அவர்களுக்கு மலிவு.

இறால் குளம்

இறால் குளத்தில் கதை தலைகீழ். வனாமி இறால் வளர்ப்பவருக்கு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரியேட்டர்தான் உயிர். 500 கிலோ இறாலுக்கு ஒரு எச்பி என்பது பொதுக் கணக்கு. ஆறு டன் எடுக்க 12 எச்பி, ராத்திரி 12 மணி நேரத்துக்கு நூற்றுச் சொச்சம் யூனிட். தண்ணீரில் ஆக்சிஜன் அதலபாதாளத்தில் இருப்பது விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு. சோலார் அப்போது தூங்குகிறது. அத்தனைக்கும் பேட்டரி போட்டால் கட்டுப்படியாகாது. பகலில் சோலார் கரண்டை மின்வாரியத்துக்குக் கொடுத்து ராத்திரி வாங்கலாம். கொடுக்கிற விலைக்கும் வாங்குகிற விலைக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் முடிவு செய்யும். கரண்ட் போய் நேரமானால் குளத்து இறாலே செத்துவிடும் என்பதால் டீசல் ஜெனரேட்டர் எப்படியும் கரையில் நிற்கும்.

இங்கேயும் அதே நோட்டுதான். வேதாரண்யம் பக்கம் குளம் பலருக்குக் குத்தகை. 25 வருஷம் உழைக்கும் பேனலை மூன்று வருஷக் குத்தகைக்காரர் ஏன் போட வேண்டும்? நில உரிமையாளர் போட்டால் குறைகிற பில் அவருடையதில்லை. பேனலையும் சேர்த்துக் குத்தகை பேசுகிற ஒப்பந்தம் வராதவரை, சோலார் கம்பெனிக்காரர் வரப்பில் நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஐஸ் பேக்டரி

இத்தனை போட்டியிலும் சேராமல் துறைமுக வாசலில் நிற்கிறது ஐஸ் பேக்டரி. நம் வெயிலில் ஒரு டன் பார் ஐஸ் (பெரிய ஐஸ் கட்டி) உறைய 55 முதல் 70 யூனிட் கரண்ட் பிடிக்கும். பகல் வெயிலில் உறைய வைத்த பார், விடிய விடியப் படகில் ஏறும்போதும் பாராகவே இருக்கிறது. லித்தியமே இல்லாத பேட்டரி. கூரை அகலம், அலை கிடையாது, எடை பிரச்சினை இல்லை, கரண்ட் பில் கட்டுபவரும் பேனல் போடுபவரும் ஒரே ஆள். கையில் ஒரு கோடி கொடுத்து எங்கே தொடங்குவாய் என்று கேட்டால் பேட்டரிப் படகுக்கு முன்னால் இங்கேதான் வருவேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: பில் குறைந்த பிறகு பார் விலை எவ்வளவு குறையும் என்று மீனவர் சங்கத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐஸ்தான் அந்தப் படகு நோட்டில் இரண்டாவது செலவு.